மழை விட்டதும் வாசலுக்கு வரும் ரிப்பேர் ஆட்கள்: மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், அடுத்த வாரமே தெருவுக்குள் ஒரு வேன் வரும். இரண்டு மூன்று பேர் இறங்குவார்கள். "அம்மா, மேல எஸ்டேட் பங்களாவுல வேலை முடிச்சிட்டு இறங்குறோம். கோட்டிங் கொஞ்சம் மிச்சம் இருக்கு. உங்க தகரம் துருப்பிடிச்சு நிக்குது, பாதி ரேட்டுல அடிச்சுக் குடுத்துடறோம்" என்பார்கள். மாலைக்குள் கூரையில் ஏதோ ஒரு வண்ணம் பூசியிருக்கும், கையிருப்புப் பணம் போயிருக்கும். அடுத்த மழையில் அதே இடத்தில் ஒழுகும்.

இவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் வயதானவர்களின் வீடுகளைத்தான். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், வெலிங்டனில் ராணுவப் பென்ஷன் வாங்குபவர், பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கத் தனியாக வசிக்கும் அம்மா. இப்படிப் பணம் கொடுத்துவிட்டு நின்றவர்களோடு உட்கார்ந்து, பில்லையும் கூரையையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் விவரம் தெரியாமல் ஏமாறவில்லை. வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். முதலில் ஆள் கூரையேறினார், பிறகு குறையைக் காட்டினார், பிறகு விலை சொன்னார், அதற்குள் வேலையும் தொடங்கிவிட்டது.

நடக்க வேண்டிய வரிசை வேறு. வீட்டுக்கு என்ன வேலை தேவை என்பது முதலில், அதன் அளவு அடுத்தது, ரேட் அதற்குப் பிறகு, ஆள் நாலாவது, பணம் கடைசி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கொடைக்கானல் மலையில் இருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். மாவட்ட அலுவலகங்கள் மட்டும் திண்டுக்கல்லில் இருக்கும்.

1. யாரும் வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு அளவு டேப், கேமரா உள்ள போன் இருந்தால் போதும்.

முதலில் கூரையைப் படம் எடுங்கள். மலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. மேல் ரோட்டுக்குப் போய் நின்றால் நம் வீட்டுக் கூரை முழுக்கத் தெரியும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அங்கிருந்து எடுத்து வையுங்கள். கூரையேறி இறங்கியவர் போனில் ஓட்டையைக் காட்டும்போது, அது உங்கள் கூரைதானா என்று ஒப்பிட இது ஒன்றுதான் வழி. வேறு வீட்டுப் படத்தைக் காட்டிப் பணம் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, கூரை எந்த வகை, எந்த ஆண்டு போட்டது, கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தது, எந்த அறையில் எந்த மூலையில் ஒழுகுகிறது என்று எழுதுங்கள். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் அதன் நீளம், உயரம், விரிசல் உள்ள இடம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். விரிசல் வளர்கிறதா, பத்து வருஷமாக அப்படியே இருக்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

மூன்றாவதாக எண்கள். கேஸ் இணைப்பின் நுகர்வோர் எண், ஏஜென்சியின் போன், மின் இணைப்பு எண், உங்களுக்குத் தெரிந்த கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், வழக்கமாகப் போகும் ஹார்டுவேர் கடை. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் எண் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்து, அவர் போன் எடுக்காத நாளில்தான் வாசலில் நிற்பவரிடம் வேலை போகிறது.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

2. எந்த வேலையை எந்த மாதத்தில் செய்வது என்று முடிவு செய்யுங்கள்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் வலுவாக அடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் குன்னூர், கோத்தகிரி நனையும். அதன்பின் உறைபனி. கூரைக்குப் பூசும் எந்தப் பொருளும் ஈரமில்லாத பரப்பில்தான் ஒட்டும். ஆகவே பெயிண்ட், வாட்டர் ப்ரூஃபிங் வேலைகளுக்கு ஏற்ற காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். "மழை வருது, இன்னிக்கே கோட்டிங் அடிச்சாத்தான் தப்பிக்கலாம்" என்று ஆகஸ்டில் ஒருவர் சொன்னால், பனிமூட்டத்தில் நனைந்த தகரத்தின் மேல் பூசுவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம். அது சில வாரங்களில் தோலாக உரிந்துவிடும். அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்த வேலை நிற்காது.

மழைக்காலத்தில் செய்யக்கூடியது தற்காலிக வேலைதான். தார்ப்பாய் போட்டுக் கட்டுவது, தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் கழன்றிருந்தால் முறுக்குவது, தகர மடையில் அடைத்த இலைகளை எடுப்பது. இவற்றுக்கு உள்ளூர் ஆளின் ஒரு நாள் கூலி போதும்.

3. வாசலில் நிற்பவரிடம் பேசும் முறை

கிரில் கேட்டைத் திறக்காமல் பேசுங்கள். இது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கொரியர் கொண்டுவருபவரிடம் கேட்டுக்கு உள்ளே நின்றுதானே வாங்குகிறோம், அதே மாதிரிதான் இதுவும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இப்போ வேலை எதுவும் பார்க்கலைங்க. உங்க பேரு, ஊரு, போன் நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வீட்ல பேசிட்டுக் கூப்பிடறேன்." உண்மையான தொழிலாளி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நாளைக்கும் இந்த ஊரில் வேலை வேண்டும். ஏமாற்ற வந்தவருக்கு இன்றைய நாள் மட்டும்தான் பயன்படும், அதனால் இன்றே முடிக்கப் பார்ப்பார். அவர் எந்த ஊர், என்ன மொழி பேசுகிறார் என்பதைவிட, உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் தருகிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்த மலையில் நேர்மையாக உழைப்பவர்கள் ஏராளம். உள்ளூர்க்காரர் ஏமாற்றியதும் உண்டு.

சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன. "நான் ஒருத்திதான் இருக்கேன்", "பையன் தீபாவளிக்குத்தான் வருவான்", "பென்ஷன் இன்னும் எடுக்கல" இவையெல்லாம் பேச்சுவாக்கில் வாயிலிருந்து வந்துவிடும். யாராவது கேட்டால் "உள்ள ஆள் இருக்கு" என்பதோடு நிறுத்துங்கள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள், ஆனால் கேட்டின் வழியாகக் கொடுங்கள். கதவைத் திறந்து விட்டுச் சமையலறைக்குப் போவதுதான் ஆபத்து. வந்தவர்களில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனால், "முன்னாடி வந்து நில்லுங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஎன் 43 என்றால் நீலகிரியில் பதிவான வண்டி, டிஎன் 57 என்றால் திண்டுக்கல். வெளியூர் எண்ணாக இருப்பது குற்றம் இல்லை, உள்ளூர் எண்ணாக இருப்பது உத்தரவாதமும் இல்லை. பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் கையில் இருக்கும் உருப்படியான தடயம் அந்த எண்தான்.

4. யாரையும் கூரையேற விடாதீர்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், ஏமாற்று வேலையின் திருப்புமுனை இதுதான். "சும்மா பார்த்துட்டு இறங்குறேன், காசு வேண்டாம்" என்று கேட்கும்போது மறுக்க மனம் வராது.

மேலே போனவர் என்ன செய்கிறார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஒரு ஜே போல்ட்டைத் தளர்த்தி வாஷரை உருவினால் போதும், ஒழுகாத இடம் ஒழுகத் தொடங்கும். மங்களூர் ஓட்டில் ஒன்றை இரண்டு விரற்கடை நகர்த்தினால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் போல்ட் வரிசையை விட்டு நடுவில் கால் வைத்தாலே உடையும், கெட்ட எண்ணம் இல்லாதவர் ஏறினாலும் உடையும். பிறகு "பாருங்கம்மா, உடைஞ்சிருக்கு" என்பது பொய்யாக இருக்காது. அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

கூரையேறுபவர் நீங்கள் கூப்பிட்ட ஆளாக இருக்க வேண்டும். அவர் ஏறும்போது நம்பிக்கையான ஒருவர் மேல் ரோட்டிலோ மாடியிலோ நின்று பார்க்க வேண்டும்.

5. கேஸ், மின்வாரியம், மானியம் என்று பெயர் சொல்லி வந்தால்

கேஸ் அடுப்பு சோதனை என்று சொல்லி ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றிவிட்டு அதிக விலை வாங்குவது பழைய தந்திரம். ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்கிடம் உங்கள் நுகர்வோர் எண் இருக்கும், ரசீதும் தருவார். வாசலுக்கு வந்தவர் தரும் எண்ணுக்குப் போன் செய்து சரிபார்க்காதீர்கள். உங்கள் நோட்டில் உள்ள ஏஜென்சி எண்ணுக்குச் செய்யுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். மாற்ற வேண்டுமா என்று நீங்களே பார்க்கலாம். உண்மையாகவே கேஸ் வாடை வந்தால் 1906 என்ற கேஸ் கசிவு அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மின்வாரியத்திலிருந்து வருவதாகச் சொல்பவர் மீட்டர் மாற்றவோ ஒயரிங் சோதிக்கவோ கையில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாரியத்துக்குச் செலுத்த வேண்டியதை கவுண்டரிலோ இணையத்திலோ கட்டி ரசீது வாங்குவதுதான் முறை. சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்யுங்கள்: 94987 94987.

சோலார் மானியம் என்றும் வருகிறார்கள். பிரதமரின் சூரிய கர் திட்டத்தில் மானியம் நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியம் வாங்கித் தர முன்பணம்" என்று வாசலில் கேட்பவருக்கு அந்தத் திட்டத்தோடு தொடர்பில்லை.

6. அவர் சொன்ன குறை உண்மையா என்று வேறு ஆளை வைத்துப் பாருங்கள்

வந்தவர் பொய் சொன்னார் என்பதற்காக உங்கள் கூரை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அவர் காட்டிய குறையை நோட்டில் எழுதி, உங்கள் கொத்தனாரையோ தகர வேலை தெரிந்தவரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். பார்ப்பதற்கு மட்டும் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். குறையைக் கண்டுபிடிப்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், குறை தானாகப் பெருகும்.

தகரக் கூரை பொதுவாக ஒழுகுவது ஷீட்டின் நடுவில் இல்லை. வாஷர் தேய்ந்த போல்ட் துளை, முகட்டுத் தகரம், இரண்டு சரிவு சேரும் பள்ளம், புகைபோக்கி தகரத்தைத் தொடும் இடம், இலை அடைத்த மடை. இவற்றைப் பார்க்காமல் கூரை முழுக்கப் பூச வேண்டும் என்பவரின் கணக்கு சதுர அடிக்காகப் போடப்பட்டது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, மழையில்லாத நாளில் ஹோஸ் பைப்பைக் கூரையின் கீழ்ப்பக்கத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் நின்று எந்த நிலையில் சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எது ஓட்டை என்று தெரியாமல் போகும்.

தடுப்புச் சுவர் விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதைப் பார்த்தவர்களிடம் "சுவர் சரியப்போகுது" என்று ஒருவர் சொன்னால் தூக்கம் போய்விடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் பேரம் நடக்கிறது. சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறதா, குறுக்காக நீண்ட விரிசல் இருக்கிறதா, தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டடப் பொறியாளரிடம் காட்ட வேண்டிய வேலை அது. விரிசலின் மேல் சிமெண்ட் பூசித் துளைகளையும் மூடிவிட்டுப் போனவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் புதுச்சுவர் மாதிரி இருக்கும், ஆனால் மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளும். முன்பிருந்ததைவிட ஆபத்து. மழை நேரத்தில் மண் நகர்வது தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியேறி 1077-க்கு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, சொல்லுங்கள்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கல் அனுமதி. நீலகிரியில் ஜேசிபி வைத்து மண் எடுக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "கற்பூர மரம் வீட்டு மேல சாயுது, நாங்களே வெட்டி எடுத்துட்டுப் போறோம், காசு வேண்டாம்" என்பவர் மரத்தை விற்றுக் காசாக்கிவிடுவார், வழக்கு வந்தால் நிலத்துக்காரரான உங்கள் மேல் வரும். "பர்மிஷனெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று யார் சொன்னாலும், அனுமதிக் கடிதத்தை உங்கள் பெயரில் கண்ணால் பார்க்காமல் வேலை தொடங்க விடாதீர்கள்.

7. அளவையும் ரேட்டையும் நீங்களே கணக்குப் போடுங்கள்

அதிகப் பணம் போவது இந்த இடத்தில்தான். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

முதல் தந்திரம் லிட்டர் கணக்கு. "லிட்டருக்கு 450 ரூபாய்தான், உங்க வீட்டுக்கு நாலஞ்சு லிட்டர் போதும்" என்பார். மனசுக்குள் இரண்டாயிரம் ரூபாய் என்று நினைத்துச் சரி என்கிறோம். பூசி முடித்ததும் "அறுபது லிட்டர் ஆயிருச்சு" என்று காலி டப்பாக்களை வரிசையாக அடுக்குவார். 27,000 ரூபாய். டப்பா காலியானது உங்கள் கூரையில்தானா என்று சொல்ல யாரும் இல்லை. கரையானுக்கு மருந்து அடிக்கும் வேலை, தரை பாலிஷ், சோபா சுத்தம் எல்லாவற்றிலும் இதே முறை ஓடுகிறது. பொருள் கணக்கில் விலை சொல்பவரிடம் ஒரே பதில்: "மொத்த வேலைக்கும் சேர்த்து எவ்வளவு? அதை எழுதிக் குடுங்க."

இரண்டாவது, அளவில் ஏற்றுவது. சதுர அடி ரேட் குறைவாகச் சொல்லி, அளக்கும்போது ஆயிரத்தை ஆயிரத்து எண்ணூறாக்குவது. இதற்கு மருந்து, அவர் வருவதற்கு முன்பே உங்கள் நோட்டில் அளவு இருப்பது.

இரண்டு பக்கம் சரிந்த தகரக் கூரையை எடுத்துக்கொள்வோம். கூரையின் நீளம் 32 அடி, ஒரு பக்கச் சரிவு முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை 14 அடி என்றால், 32-ஐ 14-ஆல் பெருக்க 448. இரண்டு பக்கமும் சேர்த்து 896 சதுர அடி. தகரம் மடிப்பு மடிப்பாக இருப்பதால் பூசும் பரப்பு பத்திலிருந்து இருபது சதவீதம் கூடும். பதினைந்து என்று வைத்தால் சுமார் 1,030 சதுர அடி. மடிப்புக்காக இதைவிட இரண்டு மடங்கு கேட்பவரின் கணக்கு தவறு. சரிவின் நீளம் தெரியாவிட்டால் தகரம் வாங்கிய பழைய பில்லில் ஷீட்டின் நீளம் இருக்கும்.

இப்போது பெயிண்ட் டப்பாவின் மேல் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று கம்பெனியே அச்சிட்டிருக்கும். 100 சதுர அடி என்று போட்டிருந்தால் நம் கூரைக்கு ஒரு கோட்டுக்குப் பத்து லிட்டருக்குச் சற்று மேல், இரண்டு கோட்டுக்கு சுமார் 21 லிட்டர். அறுபது லிட்டருக்கு இந்தக் கூரையில் இடமே இல்லை. அதேபோல், பத்து லிட்டரில் இரண்டு கோட் முடித்துவிடுவேன் என்பவர் பாதிக்குப் பாதி தின்னர் கலக்கப் போகிறார்.

மூன்றாவது, பொருளின் தரம். "மிச்ச மெட்டீரியல்" என்று கொண்டுவருவதில் லேபிள் கிழிந்திருக்கும், அல்லது டப்பா ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பொருளை நீங்களே ஹார்டுவேர் கடையில் பில் போட்டு வாங்குங்கள். சிமெண்ட் மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். நம் ஊர் ஈரத்தில் பழைய மூட்டை சீக்கிரம் கட்டிப்போகும். கட்டியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு பேரிடமாவது ரேட் வாங்குங்கள். மூன்றாவதாக ஹார்டுவேர் கடைக்காரரிடம் "இந்த வேலைக்கு இப்போ என்ன கூலி போகுது" என்று கேளுங்கள். அந்தப் பகுதியில் யார் என்ன வேலை எப்படிச் செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களைவிட மிகவும் குறைந்த ரேட் சொல்பவர்தான் பாதியில் விட்டுவிட்டு அதிகம் கேட்பார்.

8. ஆளைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

அவர் இதே மலையில் முடித்த இரண்டு வேலைகளின் முகவரி கேளுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வேலையாக இருக்க வேண்டும். போன வாரம் பூசிய கூரை எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். நேரில் போய் அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். போன் நம்பர் மட்டும் கொடுத்தால் எதிர்முனையில் பேசுவது அவருடைய மச்சானாகக்கூட இருக்கலாம்.

கம்பெனி என்று சொல்லி ஜிஎஸ்டி பில் தருபவரென்றால் அந்த 15 இலக்க எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். சிறிய மேஸ்திரிகளுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்காது, அதை வைத்து அவர்களைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்து வசூலிக்கக் கூடாது.

தாளில் எழுத வேண்டியவை: இருவர் பெயர், முகவரி, போன், என்ன வேலை, எந்தெந்த இடத்தில், எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், எத்தனை கோட், மொத்தத் தொகை, எப்போது தொடங்கி எப்போது முடியும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எத்தனை மாதத்துக்குள் ஒழுகினால் திரும்ப வந்து பார்ப்பார். கூடவே, "எழுத்தில் சம்மதிக்காத கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை" என்று ஒரு வரி. கையெழுத்து வாங்கி, அவருடைய ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டையையும் போனில் படம் எடுங்கள். முகவரிக்காகத்தான் இத்தனை மெனக்கெடல். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

"இத்தனை வருஷமா வேலை பார்க்கறேன், எழுத்தெல்லாம் கேட்டதில்லை" என்று நல்ல மேஸ்திரியும் முகம் சுளிக்கலாம். "எனக்கு மறந்து போகுதுங்க, அதான்" என்று சொல்லி எழுதிவிடுங்கள்.

9. வேலை நடக்கும்போது

தினமும் காலையிலும் மாலையிலும் படம் எடுங்கள். பெயிண்ட் டப்பாக்களை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாக்கள் வேலை முடியும்வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பூசுவதற்கு முன் துருவைச் சுரண்டினார்களா, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார்களா, பிரைமர் அடித்தார்களா என்பதுதான் முக்கியம். மேலே தெரியும் வண்ணத்தைவிட இந்த அடிவேலைதான் வருஷங்களைத் தாங்கும், அவசரக்காரர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் சுரண்டவோ துளைபோடவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

வேலையாட்கள் இருக்கும் நாட்களில் பீரோ உள்ள அறையைப் பூட்டி வையுங்கள்.

10. பணம் கொடுக்கும் முறை

பொருளை நீங்கள் வாங்கிவிட்டால் முன்பணம் பெரிதாகத் தேவைப்படாது. கூலியை முடிந்த வேலைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுங்கள். கடைசியில் பத்தில் ஒரு பங்கையாவது நிறுத்திவைத்து, ஹோஸ் பைப் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள். கான்கிரீட் மொட்டை மாடி என்றால் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாம். இதைத் தாளிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

முடிந்தவரை யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை. யுபிஐயில் அனுப்புவதற்கு முன் திரையில் வரும் பெயர், தாளில் உள்ள பெயர்தானா என்று பாருங்கள். "திருப்பித் தர வேண்டிய பணம் அனுப்பறேன், பின் நம்பரைப் போடுங்க" என்றால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் தேவையில்லை.

ஏடிஎம்முக்கு வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றால் எந்த நிலையிலும் போகாதீர்கள்.

11. பணம் போய்விட்டால்

ஆட்கள் இன்னும் வீட்டில் நின்று மிரட்டினால் தனியாக வாதாட வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு 112 அல்லது 100-க்குப் போன் செய்யுங்கள். முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

போலி லிங்க், பின் நம்பர் என்று யுபிஐ வழியாக ஏமாற்றியிருந்தால் முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்வது. பிறகு வங்கி. மகனுக்குச் சொல்லிக் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று ஒரு நாள் தள்ளினால், அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும்.

அடுத்து காவல் நிலையம். தாள், படங்கள், வண்டி எண், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஏமாற்றுதல், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வருகிறது. "நீங்களே குடுத்த காசுதானே" என்று யாராவது சொன்னால் தளர வேண்டாம். பொய் சொல்லி வாங்கியதால்தான் அது குற்றம்.

வேலை செய்தவர் யார் என்று தெரியும், வேலைதான் மோசம் என்றால் அது நுகர்வோர் வழக்கு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீலகிரிக்கு ஊட்டியில், கொடைக்கானலுக்குத் திண்டுக்கல்லில். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் ஏமாந்திருந்தால் அவர்களைக் கடிந்து பேசாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார். ஒரு முறை பணம் கொடுத்த வீட்டுக்கு அதே ஆட்கள், அல்லது அவர்கள் சொல்லி அனுப்பிய வேறு ஆட்கள், மீண்டும் வருவதுண்டு. அப்போது அவர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

12. தெருவுக்குத் தெரியப்படுத்துங்கள்

ஒரு தெருவுக்கு வந்தவர்கள் அன்றே பக்கத்துத் தெருவுக்கும் போவார்கள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் உடனே போடுங்கள். போடும் செய்தியில் நடந்தது மட்டும் இருக்கட்டும்: எத்தனை மணிக்கு, எத்தனை பேர், வண்டி எண், என்ன சொல்லிக் கேட்டார்கள். "திருட்டுக் கும்பல்", "வடநாட்டுக் கும்பல்" என்று எழுதாதீர்கள், முகப்படத்தையும் பரப்ப வேண்டாம். படம் காவல் நிலையத்துக்குப் போனால் போதும். 2018-ல் வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள்.

போன் பார்க்காத பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு யாராவது நடந்து போய்ச் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்கு யார் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றுபவரிடமும், பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளியிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்களா முதலாளி சென்னையில் இருக்க, "சார் சொல்லி அனுப்பினார்" என்று காவலாளியிடம் வேலையைத் தொடங்கி, பிறகு முதலாளியிடம் பணம் கேட்பதும் நடக்கிறது. முதலாளியின் குரலைப் போனில் கேட்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்று காவலாளியிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.